குடும்ப ஆவணங்களைத் தட்டில் பதிய எந்த மென்பொருள்?

பேராக் மாநிலத்தில் பீடோரைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்கள் பல, இன்று செம்பனையாகவும் தாமான் வீடுகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் ஈப்போவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் நான்கு தலைமுறை வாழ்ந்தது என்பதற்கு மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் தாள்கள்தாம். பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, தாத்தாவின் பிறப்புப் பத்திரம், தோட்டப் பள்ளியின் தேர்ச்சி அறிக்கை, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம், மாரியம்மன் கோயில் திருவிழாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்.

இவை ஞாபகத்துக்காக மட்டும் வைத்திருப்பவை அல்ல. பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாமல் தவித்த இந்தியர்களைப் பதிவு செய்வதற்காகவே 2011இல் மைடஃப்தார் என்ற இயக்கத்தை அரசாங்கம் நடத்த வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒரு விண்ணப்பத்தில், தாத்தா எங்கே பிறந்தார் என்பதைக் காட்டும் பழைய தாள் ஒன்று கையில் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம். நகலை வைத்து அசலின் வேலையைச் செய்ய முடியாது, உண்மைதான். ஆனால் நகலில் பத்திர எண்ணும் தேதியும் பதிவான ஊரும் இருந்தால், தேசியப் பதிவுத் துறையில் புதிய பிரதி கேட்கும்போது எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரே அலமாரியில் எல்லாத் தாளையும் வைப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பலர் இப்போது தாள்களை ஸ்கேன் செய்து மடிக்கணினியில் வைக்கிறார்கள். அடுத்த கேள்வி அங்கேதான் வருகிறது: இதை ஒரு சிடியிலோ டிவிடியிலோ பதிந்து வைக்கலாமா, எந்த மென்பொருளைக் கொண்டு பதிவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மென்பொருளால் பதிந்தீர்களோ, அந்த மென்பொருளே இல்லாத கணினியிலும் தட்டு திறக்க வேண்டும். தேர்வுக்கான அளவுகோல் இது ஒன்றுதான். மற்ற வசதிகள், அழகான திரை, அட்டைப்படம் அச்சிடும் கருவி எல்லாம் இதற்குப் பிறகு. இருபது ஆண்டு கழித்து அந்தத் தட்டைக் கையில் எடுக்கப்போகிறவர் நீங்கள் இல்லை, உங்கள் பேத்தி. அவருடைய கணினியில் இன்றைய மென்பொருள் எதுவும் இருக்கும் என்று நம்ப முடியாது.

அதற்குமுன், தட்டு இன்னும் பயன்படுமா என்பதையும் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். சோனி நிறுவனம் பதியக்கூடிய புளூரே தட்டுகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. சிடிஆர் தட்டை உருவாக்கிய தையோ யூடென் அதற்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்பே விலகிக்கொண்டது. பெரும்பாலான புதிய மடிக்கணினிகளில் தட்டுக்கான இடமே இல்லை. யூஎஸ்பி வழி இணைக்கும் டிரைவ் தனியாக வாங்க வேண்டும். கொள்ளளவும் குறைவு. ஒரு டிவிடியில் 4.7 ஜிபி, புளூரேயில் 25 ஜிபி. ஒருவருடைய கைப்பேசியில் 64 ஜிபி படம் இருந்தால் அதற்கே 14 டிவிடி வேண்டும். எல்லாவற்றையும் தட்டில் ஏற்றும் காலம் முடிந்துவிட்டது.

ஆனாலும் தட்டுக்கு ஒரு குணம் உண்டு, வன்வட்டுக்கும் பென்டிரைவுக்கும் மேகச் சேமிப்புக்கும் அது கிடையாது. ஒருமுறை பதிந்து மூடிய தட்டை யாராலும் மாற்ற முடியாது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பிணைக்கொள்ளை நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. இத்தகைய நிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் வெளி வன்வட்டையும் விட்டுவைப்பதில்லை. காப்புப் பிரதி என்று வைத்திருந்ததும் சேர்ந்தே பூட்டப்படும். தவறுதலாக அழிப்பது, பேரன் விளையாட்டாக ஃபார்மட் செய்வது, கடவுச்சொல்லை மறந்து மேகக் கணக்கை இழப்பது, எதுவும் தட்டைத் தொடாது. மாறாத ஆவணங்களுக்கு, அதாவது பத்திரங்கள், உயில், நிலப்பட்டா, தேர்ந்தெடுத்த படங்கள், குரல் பதிவுகள் ஆகியவற்றுக்கு, தட்டு இன்றும் நல்ல இடம்.

பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இதற்குப் பொருந்தும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். கணினியில் ஒன்று, வெளி வன்வட்டில் ஒன்று, தட்டில் ஒன்று. அந்தத் தட்டு ஈப்போவிலோ பினாங்கிலோ இருக்கும் அக்கா வீட்டில். ஒரே பிரதி ஒரே இடத்தில் இருப்பதன் விலையை நம்மினம் அறியும்: 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அதோடு போயின.

இனி மென்பொருள்.

பதியும் மென்பொருள்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, கோப்புகளை இருக்கிறபடியே தட்டில் எழுதுவது. இன்னொன்று, எல்லாக் கோப்புகளையும் சுருக்கி, தன் சொந்த வடிவத்தில் ஒரே பொட்டலமாகக் கட்டி எழுதுவது. இரண்டாவது இனத்தின் பெயரில்தான் 'பேக்கப்' என்ற சொல் அதிகம் இருக்கும். அதனாலேயே பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க அதே மென்பொருள் வேண்டும், சில சமயம் அதே பதிப்பும் வேண்டும். தினமும் மாறும் அலுவலகக் கணக்குக்கு அது சரி. குடும்ப ஆவணத்துக்குக் கூடாது. நீரோ என்ற மென்பொருள் தொகுப்பிலும் பதிவதற்கு நீரோ பர்னிங் ரோம், காப்புக்கு நீரோ பேக்இட்அப் என்று தனித்தனி நிரல்கள் உண்டு; நமக்கு வேண்டியது முன்னது. தட்டின் முழு உருவத்தைக் கோப்பாகச் சேமிக்கும்போதும் எல்லா மென்பொருளும் படிக்கும் ஐஎஸ்ஓ வடிவத்தையே தேர்ந்தெடுங்கள், நீரோவுக்கே உரிய என்ஆர்ஜி வேண்டாம்.

இதே சிக்கல் விண்டோஸுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. வெற்றுத் தட்டைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழிகளைக் காட்டும். தட்டை யூஎஸ்பி போலப் பயன்படுத்துவது ஒன்று. சிடி, டிவிடி பிளேயருக்கு ஏற்றபடி பதிவது மற்றொன்று. முதலாவது வசதியாகத் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் போதும். ஆனால் அப்படி எழுதிய தட்டு பழைய கணினிகளிலும் பிளேயர்களிலும் திறக்காமல் போகலாம். சரியாக மூடாமல் வெளியே எடுத்தால் இன்னும் மோசம். காப்புக்கு எப்போதும் இரண்டாவது வழியே.

தட்டில் கோப்புகள் எந்த ஒழுங்கில் எழுதப்படுகின்றன என்பதற்குப் பொதுத் தரங்கள் உண்டு. 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 மிகப் பழையது, எங்கும் திறக்கும். ஆனால் அது ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட குறுகிய பெயர்களை மட்டுமே ஏற்கும். தமிழில் பெயரிட்ட கோப்பு அதில் நிற்காது. அதற்காகத்தான் மைக்ரோசாஃப்டின் ஜோலியட் என்ற நீட்சியும், டிவிடியோடு பரவிய யூடிஎஃப் தரமும். இவை இரண்டும் யூனிகோடை ஏற்கும், ஆகவே தமிழ்ப் பெயரும் நிற்கும்.

இங்கே ஒரு கண்ணியைக் கவனிக்க வேண்டும், ஆங்கிலக் கையேடுகள் இதைச் சொல்வதில்லை. ஜோலியட்டில் ஒரு கோப்பின் பெயர் 64 குறிகளுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். யூனிகோடில், அகரம் ஏறியவை தவிர்த்த நம் உயிர்மெய்யும் புள்ளியெழுத்தும் இரண்டிரண்டு குறிகளாக எண்ணப்படுகின்றன. 'பாட்டியின்' என்று நாம் ஐந்து எழுத்து எழுதுகிறோம். கணினிக்கு அது பத்து. 'பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை பின்பக்கம்' என்று பெயர் வைத்தாலே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடம் போய்விடும். அதற்குமேல் தோட்டத்தின் பெயரையும் சேர்த்தால் சில மென்பொருள்கள் சொல்லாமலே வாலை வெட்டிவிடும். ஒரே மாதிரி தொடங்கும் நான்கு பெயர்கள் வெட்டுப்பட்டால் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. எனவே ஜோலியட், யூடிஎஃப் இரண்டையும் சேர்த்து எழுதக்கூடிய மென்பொருளாகப் பாருங்கள். யூடிஎஃப்பில் தமிழ்ப் பெயருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் உண்டு. பெயரின் தொடக்கத்தில் ஆண்டைப் போட்டு, பின் இரண்டு மூன்று தமிழ்ச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கத்தைத் தனிக் கோப்பில் எழுதலாம்.

தமிழ் என்றதும் இன்னொன்று. நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985இலேயே உருவாக்கினார். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கோயில் செயலாளர்களும் மன்றங்களும் தட்டச்சு செய்தவை எல்லாம் அன்றைய எழுத்துருக்களின் குறிமுறையில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு வரியும் புரியாது; ஆங்கிலக் குறிகளின் குவியல்தான் தெரியும். கூட்டக் குறிப்பை மட்டும் தட்டில் ஏற்றி எழுத்துருவை விட்டுவிட்டால், பிரதி இருந்தும் இல்லாததுபோலத்தான். இப்படிப்பட்ட கோப்பு ஒன்றுக்கு மூன்று வடிவம் வையுங்கள்: அசல் கோப்பும் அதன் எழுத்துருவும் ஒன்றாக, எழுத்துரு உள்ளே பொதிந்த பிடிஎஃப் ஒன்று, யூனிகோடுக்கு மாற்றிய வெற்று உரை ஒன்று. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுவது வழக்கம்.

அடுத்த தகுதி, சரிபார்ப்பு. பதிந்து முடிந்தபின் தட்டைத் திரும்பப் படித்து, கணினியிலுள்ள மூலத்தோடு ஒவ்வொரு பைட்டாக ஒப்பிடும் வசதி அது. பதிவதற்கு ஆகும் நேரம் மீண்டும் ஒருமுறை ஆகும் என்பதால் பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். 'வெற்றிகரமாக முடிந்தது' என்ற செய்தி எழுதி முடித்ததை மட்டுமே சொல்கிறது, எழுதியதைப் படிக்க முடியும் என்பதை அல்ல. சரிபார்ப்பு இல்லாத மென்பொருளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் விண்டோஸில் இம்க்பர்ன் இன்னும் முன்னே நிற்கிறது. இலவசம். ஐஎஸ்ஓ 9660, ஜோலியட், யூடிஎஃப் மூன்றையும் சேர்த்து எழுதும். சரிபார்ப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். கடைசிப் பதிப்பு 2013இல் வந்த 2.5.8. அவ்வளவு பழையதா என்று தயங்க வேண்டாம்; சிடி, டிவிடியின் தரங்கள் அதற்குப் பிறகு மாறவில்லை. ஆனால் அதன் நிறுவியோடு விளம்பர நிரல்கள் ஒட்டிக்கொண்டு வந்ததுண்டு. கண்ட இடத்தில் பதிவிறக்காதீர்கள். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படித்து, வேண்டாததை மறுத்துவிடுங்கள். திரை முழுக்கப் பொத்தான்கள் இருப்பது சிலருக்கு மிரட்சியாக இருக்கும். அவர்களுக்கு சிடிபர்னர்எக்ஸ்பி எளிது, அதுவும் இலவசம், சரிபார்ப்பும் உண்டு. காசு கொடுத்து நீரோ வாங்குவதற்கு ஒரு காரணம் சொல்லலாம்: ஒரு தட்டில் அடங்காததைப் பல தட்டுகளுக்குத் தானே பிரித்துக் கொடுக்கும். அதைவிட, நீங்களே ஆண்டுவாரியாக 4 ஜிபி அளவில் அடைவுகளாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு தட்டும் தனித்து நிற்கும், ஒன்று கெட்டாலும் மற்றது திறக்கும். நான் இதைத்தான் விரும்புவேன். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கே3பி போதும். மெக்கில் ஃபைண்டரே பதிந்து சரிபார்த்துவிடும். எதையும் நிறுவ முடியாத நிலையில் விண்டோஸின் சொந்தக் கருவியே உதவும்; ஐஎஸ்ஓ கோப்பைப் பதியும் அதன் சிறு சன்னலில் சரிபார்ப்புக்கான கட்டம் இருக்கிறது, அதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எதைக் கொண்டு பதிந்தாலும் ஒரே அமர்வில் பதிந்து, தட்டை மூடிவிடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று திறந்து வைத்த தட்டில், அடுத்த பதிவு முந்தையதை இணைத்துக்கொள்ளாவிட்டால் முன்பு எழுதியவை கண்ணுக்கே தெரியாமல் போகும். வேகத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, ஆகக் குறைந்த வேகமே பத்திரம் என்று. இன்றைய தட்டுகள் நடுத்தர வேகத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. 16 மடங்கு என்று அச்சிட்ட டிவிடியை 8 மடங்கில் பதிவது நல்லது. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டு இதற்கு வேண்டாம். விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம், பிழைகள் முதலில் வருவது வெளி ஓரத்தில்தான்.

தட்டு மெதுவாகக் கெடுவதை ஏன் கவனிக்க முடிவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாத் தட்டிலும் பிழைதிருத்தக் குறிகள் கூடவே எழுதப்படுகின்றன. சிறு சேதங்களை டிரைவ் தானே சரிசெய்து படித்துக் கொடுத்துவிடும். சேதம் அதன் சக்தியைத் தாண்டும் நாளில்தான் கோப்பு திறக்காது. அதுவரை எல்லாம் நன்றாகவே தோன்றும். டிவிடிஸாஸ்டர் என்ற இலவச நிரல், தட்டில் மிஞ்சும் இடத்தில் கூடுதல் பிழைதிருத்தத் தரவைச் சேர்த்து இந்த எல்லையை இன்னும் தள்ளிவைக்கிறது. ஐஎஸ்ஓவாக உருவாக்கி, அதில் இதைச் சேர்த்து, பிறகு பதிய வேண்டும். முக்கியமான தட்டுக்கு இந்தக் கூடுதல் வேலை தகும். சேர்த்த பின்னும் தட்டு எந்தக் கணினியிலும் சாதாரணமாகவே திறக்கும்.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி, தட்டுகளை 20 டிகிரிக்குக் குறைந்த வெப்பத்திலும் 50 விழுக்காட்டுக்குக் குறைந்த ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. பேராக்கில் அப்படியொரு அலமாரி யார் வீட்டிலும் இல்லை. செய்யக்கூடியது இதுதான்: காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை, வெயில் படாத அறை, தட்டை அதன் பெட்டியில் நிமிர்த்தி வைப்பது. ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். தட்டின்மேல் எழுதும் பேனா சாராய நெடி அடிக்காததாக இருக்கட்டும். சிடியில் தரவு இருப்பது எழுதும் பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். அங்கே பட்ட கீறல் தரவையே சுரண்டிவிடும். டிவிடியில் தரவு இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. காப்புக்குச் சிடியைவிட டிவிடியை விரும்ப இது ஒரு காரணம். சாதாரணச் சிடியிலும் டிவிடியிலும் கரிமச் சாயத்தின் மேல் எழுதப்படுகிறது, ஒளியும் வெப்பமும் அந்தச் சாயத்தைச் சிதைக்கும். எம்டிஸ்க் தட்டுகளில் சாயத்துக்குப் பதில் கல்போன்ற கனிமப் படலம். ஆயிரம் ஆண்டு என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. ஆனால் இந்த வெக்கையில் சாயத்தைவிட அது தாங்கும் என்பதில் நியாயம் இருக்கிறது. வாங்குமுன் உங்கள் டிரைவ் அதை எழுதுமா என்று பாருங்கள்.

கடவுச்சொல் போட்டுப் பூட்டலாமா என்று கேட்பார்கள். அடையாள அட்டை நகல் தப்பான கையில் சிக்கக்கூடாது என்ற கவலை சரியானதுதான். ஆனால் பூட்டிய தட்டு மறுபடியும் ஒரு மென்பொருளையும் ஒரு மனிதரின் ஞாபகத்தையும் நம்பி நிற்கும். வீட்டிலிருக்கும் தட்டைப் பூட்டாமல் விட்டு அலமாரியைப் பூட்டுங்கள். வேறு ஊருக்கு அனுப்பும் தட்டைப் பூட்டியே ஆகவேண்டும் என்றால், கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

புதிதாகப் பதிவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பல வீடுகளில் காத்திருக்கிறது. 2000க்குப் பிறகான ஆண்டுகளில் ஸ்டூடியோக்கள் கொடுத்த கல்யாண டிவிடிகள், பள்ளி விளையாட்டு நாள் சிடிகள், கோயில் கும்பாபிஷேகப் பதிவுகள். இவற்றில் பலவற்றின் வயது இப்போது 15, 20 ஆண்டைத் தாண்டிவிட்டது. இன்று படிக்க முடிவது அடுத்த ஆண்டு முடியாமல் போகலாம். ஒவ்வொன்றையும் போட்டு, ஐஎஸ்ஓவாக வன்வட்டுக்கு இழுத்துவிடுங்கள். இம்க்பர்னே இதையும் செய்யும். படிக்க மறுத்தால், வெதுவெதுப்பான நீரில் துளி சோப்புக் கலந்து கழுவி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று மறுத்ததை இன்னொன்று படிப்பது சகஜம். அதற்கும் மசியாவிட்டால் லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ இருக்கிறது. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து முயலும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அதே தட்டின் இன்னொரு பிரதியைப் போட்டால், விடுபட்ட இடங்களை மட்டும் அதிலிருந்து நிரப்பும். ஆகவே அண்ணன் வீட்டிலும் சித்தி வீட்டிலும் அதே கல்யாண டிவிடி இருந்தால், கீறலோ பூஞ்சையோ பார்க்காமல் அவற்றையும் கேட்டு வாங்குங்கள்.